எல்லார் கையும்

அந்தக் கூடத்துக்குத் தலைவர் கிடையாது. செயலாளர் கிடையாது, பொருளாளர் கிடையாது, உசத்தியான நாற்காலி ஒன்று போட்டு உட்காரவைக்க ஓர் ஆள் கிடையாது. தலைவர் இல்லாவிட்டால் தலைவலியும் இருக்காது என்று ஆரம்பத்தில் எல்லாரும் நினைத்தார்கள். தலைவலி இருந்தது. அதையும் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

ரயில் பாதையை ஒட்டி, முன்பு சாக்குக் கிடங்காக இருந்த கட்டடம் அது. மழை பெய்தால் இப்போதும் சுவரிலிருந்து சணல் வாடை கிளம்பும். அதை நாடகக் கூடமாக மாற்றியவர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேலைக்குப் போய் வருகிற சனங்கள்தான். பேக்கரிக்காரர், நர்ஸம்மா, தபால்காரர், பள்ளிக்கூட வாத்தியார், பாடத் தெரிந்த சிலர், பாடத் தெரியாமலே பாடுகிற பலர். வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ நாடகம் போடுவார்கள். இந்த நாடகத்தைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த நாடகத்தில் வேஷம் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

முடிவெடுக்க அங்கே ஒரு முறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில், துணி வெட்டுகிற நீள மேசையைச் சுற்றி உட்காருவார்கள். பேசி ஓய்ந்த பிறகு, சம்மதப்பட்டவர்கள் உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைக்க வேண்டும். எல்லார் கையும் வந்துவிட்டால் முடிவு. ஒரு கை வராவிட்டால்கூட முடிவு இல்லை. அந்தக் கை வரும்வரை காத்திருக்கலாம், இல்லையென்றால் விஷயத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போடலாம். "ஓட்டுப் போட்டா தோத்தவன்னு ஒருத்தன் இருப்பான். இங்க தோக்குறவனே கிடையாது" என்று புதிதாக வருகிறவர்களிடம் வாத்தியார் விளக்குவார். சொல்லும்போது அவருக்குக் குரல் கொஞ்சம் தழுதழுக்கும்.

அந்த மேசை தையல்காரியின் மேசை. வாரத்தில் ஆறு நாள் அவள் அதில் ராஜாவுக்கும் வேலைக்காரனுக்கும் பேய்க்கும் துணி வெட்டுவாள். கூடம் வருவதற்கு முன்னால் ஒரு கடைக்குத் தலையணை உறையும் பள்ளிச் சட்டையும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். அளவு சொல்வார்கள், தைப்பாள், அவ்வளவுதான். கூடத்தில் அவள் உட்கார்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, "நீங்க என்ன நினைக்கிறீங்க அக்கா?" என்று யாரோ கேட்டார்கள். அவள் என்ன நினைக்கிறாள் என்று அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னால்கூடக் கேட்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய், சோறு வடிக்கும்போது தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

அவளுடைய வீட்டுக்காரர் தச்சர். கூடத்தில் எல்லாருக்கும் அவர் 'ஆணி அண்ணன்'. பேசும்போதுகூடப் பல்லிடுக்கில் ஓர் ஆணி இருக்கும் என்பதால் வந்த பேர். ஊரில் உள்ள நகராட்சிப் பள்ளிகளுக்கு பெஞ்சும் மேசையும் அடித்துக் கொடுப்பது அவர் தொழில். நாடகம், பாட்டு எல்லாம் அவருக்குத் தூரம். மனைவி போகிற இடம், போய்ப் பார்ப்போமே என்று வந்தவர், மேடைப் பலகை ஆடுவதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் சுத்தியலை எடுத்தார். அதோடு மாட்டிக்கொண்டார்.

கடைசியாகப் போட்ட நாடகத்துக்கு மேடைமேல் இன்னொரு உயரத் தட்டு வேண்டுமென்று கேட்டார்கள். அடித்துக் கொடுத்தார். ஏழெட்டுப் பேர் நிற்கலாம், அடியில் ஆட்கள் புகுந்து வரலாம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசிப் பாட்டுக்கு யார் மேலே நிற்பது, யார் கீழே நிற்பது என்று பேச்சு வந்தது. நம் கூடத்தில் மேலே என்ன, கீழே என்ன, எல்லாரும் மேலேயே நிற்போம் என்று ஒரு குரல் எழுந்தது. அது யார் குரல் என்று இன்றுவரை யாருக்கும் ஞாபகமில்லை. எல்லாருக்கும் உடம்பு புல்லரித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பட்பட்டென்று கைகள் மேசைக்கு வந்தன.

ஆணி அண்ணன் கை மட்டும் வரவில்லை. "எல்லாரும் ஏறுனா தாங்காது. நடுவுல குறுக்குக்கட்டை குடுக்கணும். குடுத்தா அடியில வழி இருக்காது" என்றார். வழி வேண்டும் என்றார்கள். அப்படியானால் ஏறக் கூடாது என்றார். மறுபடி பேசினார்கள். சாப்பாட்டு வேளை தாண்டிப்போயிற்று. கைகளை மேசைமேல் வைத்தபடி எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஏங்க, எல்லாரும் பசியோட உக்காந்திருக்காங்க. உங்களுக்கு மட்டும் என்ன இப்படிப் பிடிவாதம்?" என்று அவர் காதோரம் சொன்னாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை வைத்தார்.

நாடகத்தன்று கடைசிப் பாட்டின் நடுவில் தட்டு இறங்கிவிட்டது. மேலே நின்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அடியில் வழியாக வந்துகொண்டிருந்த தபால்காரர் மகளுக்குத்தான் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. நடனம் ஆடுகிற பெண்.

மறுநாள் நகராட்சி அதிகாரி வந்து கதவுக்கு சீல் வைத்தார். நல்ல மனிதர்தான், சத்தம் போடவில்லை. "இங்க யார் பொறுப்பு?" என்று கேட்டார்.

"நாங்க எல்லாரும்" என்றார் வாத்தியார்.

"எல்லாரும்னு ஒரு ஆள் கிடையாதே சார். எனக்கு ஒரு பேர் வேணும். பேர் வந்தா விசாரிச்சு முடிச்சுட்டுக் கதவைத் திறந்து விட்டுடுவேன்."

"எங்க அமைப்பே அப்படித்தான் சார். பொறுப்பைப் பகிர்ந்துக்கறதுதான் எங்க கொள்கை."

"நல்ல கொள்கை" என்று சொல்லிவிட்டு அதிகாரி அரக்கை உருக்கினார்.

சீல் வைத்த கதவு வாரக்கணக்கில் அப்படியே கிடந்தது. மழைக்காலம் வேறு. உள்ளே மாட்டிக்கொண்ட உடுப்புகளெல்லாம் பூஞ்சை பிடித்துப்போகுமே என்று தையல்காரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். வீட்டில் முன்னறை பூராவும் பள்ளிக்கூட பெஞ்சுக்கு வந்த மரம் அடுக்கியிருந்தது. ஆணி அண்ணன் காலையில் இழைப்புளியைப் பிடித்தாரென்றால் இருட்டும்வரை நிமிரமாட்டார். மரச்சுருள் அடுப்படிவரை பறந்து வந்து பருப்பில் விழும். எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்குப் பின்னால், மாவு பிசைகிற மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. பேக்கரிக்காரர் ஆளுக்கொரு பன்னும் டீயும் வைத்தார். அடுப்பின் சூடு முதுகில் அடித்தது. எல்லாரும் ஆணி அண்ணனிடம் வழக்கத்தைவிட அன்பாக இருந்தார்கள். அதைப் பார்த்தவுடனே தையல்காரி டீயைத் தள்ளி வைத்தாள்.

வாத்தியார் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "யாரையும் குத்தம் சொல்றதுக்கு நாம கூடல. முதல்ல அதைத் தெளிவா வெச்சுக்குவோம். அவங்களுக்கு ஒரு பேர் வேணும். வெறும் பேரு. அவ்வளவுதான்."

"வெறும் பேருதானே? உங்க பேரைக் குடுங்க சார்" என்றாள் தையல்காரி.

"குடுக்கலாம்மா, தாராளமா குடுக்கலாம். ஆனா பலகை அடிச்சது நான்தான்னு சொன்னா எவன் நம்புவான்? எனக்கு ஒரு ஆணி நேரா அடிக்கத் தெரியாது."

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆணி அண்ணனும் லேசாகச் சிரித்தார். அது அவளுக்கு இன்னும் எரிந்தது.

"அவர் பேரு போச்சுன்னா நகராட்சி வேலை போயிடும். பள்ளிக்கூடத்து பெஞ்சை அவர்கிட்ட குடுப்பாங்களா? அது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள் நர்ஸம்மா மெதுவாக. "அதுக்கு நாம எல்லாரும் சேர்ந்து ஏதாவது பண்ணுவோம். அவரைத் தனியா விட்டுருவோமா?"

"எல்லாரும் மேல ஏறணும்னு சொன்னப்ப இந்தக் கூட்டத்துல எத்தனை கை வந்துச்சு? உங்க கை இல்லையா அதுல?"

"இருந்துச்சு."

"அப்புறம்?"

நர்ஸம்மா வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் பொறுமையாக விளக்கினார். "அதைத்தான்மா சொல்றேன். ஏறணும்னது எல்லாரும் எடுத்த முடிவு. எல்லாரும் எடுத்த முடிவுக்கு ஒருத்தரைப் பொறுப்பாக்க முடியாது. அது அநியாயம். ஆனா பலகையை எல்லாரும் அடிக்கலையே."

அவர் சொன்னது நேராகத் தைத்த சட்டை மாதிரிதான் இருந்தது, ஆனால் கழுத்து நுழையவில்லை. "தாங்காதுன்னு அவர் சொன்னாரு. நான்தான் பிடிவாதம் பண்ணாதீங்கன்னு அவரைக் கை வெக்க வெச்சேன். வேணும்னா என் பேரை எழுதுங்க" என்றாள்.

"அக்கா, உங்களை யாரு குத்தம் சொன்னா?" என்று இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பதறினார்கள்.

அதுவரை பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்த தபால்காரர் வாயைத் திறந்தார். "எவன் பேரை எழுதுனா என்ன? எம் பொண்ணு கால் நேராகிடுமா? அவ ஆஸ்பத்திரியில கெடந்துக்கிட்டு ஒண்ணுதான் கேக்குறா, கூடம் எப்பப்பா திறக்கும்னு." சொல்லிவிட்டுக் கையை மாவு மேசைமேல் வைத்தார்.

அப்புறம் ஒவ்வொரு கையாக வந்தது. அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது வீட்டுக்காரர் கையும் மேசைமேல் இருந்தது, மாவு ஒட்டிக்கொண்டு. எப்போது வைத்தார் என்று தெரியவில்லை.

அவள் கையை மடியில் இறுக்கிக்கொண்டாள். யாரும் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். தலைசுற்றுகிறதா, தண்ணீர் வேண்டுமா என்று நர்ஸம்மா கேட்டாள். பேக்கரிக்காரர் இன்னொரு டீ வைத்தார். அவசரமில்லை, நன்றாக யோசியுங்கள் என்றார் வாத்தியார். மதியம் சாய்ந்தது. கைக்குழந்தையோடு வந்திருந்த ஒருத்தி குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அவர்கள் பசியும் அவர்கள் பொறுமையும் அவளைச் சுற்றி ஏறிக்கொண்டே போயின. ஆனாலும் அவள் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. கடைசியில், சாயங்காலத்து ரொட்டிக்கு மாவு பிசைய வேண்டும் என்று பேக்கரிக்காரர் சங்கடத்தோடு சொன்னதும் கூட்டம் கலைந்தது.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அவர் ஆரம்பித்தார்.

"எதுக்கு நீ கைய இழுத்துக்கிட்ட?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? உங்க தலையில கட்டுறாங்க, நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"கட்டுனா கட்டிட்டுப் போறாங்க. எனக்கே பொறுத்துப்போச்சு. உனக்கு என்ன?"

"எனக்குப் பொறுக்கல."

"இப்பக் கூடம் உன்னாலதான் மூடிக்கெடக்குன்னு ஊரு பூரா பேசும். அது பொறுக்குமா?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாருக்காக அத்தனை பேர் முன்னால் கல்லாக உட்கார்ந்திருந்தாளோ, அந்த மனுஷனே குத்திக்காட்டுகிறார். "பேசட்டும். அத்தனை பேர் கையும் இருந்துச்சு. உங்க பேரு மட்டும் எதுக்குப் போகணும்?"

அவர் அடுக்கியிருந்த மரத்தின்மேல் உட்கார்ந்தார். உள்ளங்கையில் காய்ந்திருந்த மாவைச் சுரண்டினார். "இந்தா பாரு. வாத்தியாருக்குப் பலகையைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நர்ஸம்மாவுக்குத் தெரியாது. ஏறலாம்னாங்க, ஏறுனாங்க. எனக்குத் தெரியும். தாங்காதுன்னு தெரிஞ்சுதான் கை வெச்சேன். ரெண்டும் ஒண்ணா?"

"நான்தானே வெக்கச் சொன்னேன்."

"நீ சொன்ன. நான் வெச்சேன்" என்றார். "அந்தப் பொண்ணு சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. போ, சோத்தைப் போடு."

மறுநாள் காலையில் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். எங்கே என்று அவள் கேட்டதற்கு, பிசின் வாங்க என்றார். பத்துமணிக்கெல்லாம் திரும்பி வந்து, வழக்கம்போல இழைப்புளியை எடுத்தார். கையில் பிசின் இல்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசல்படியில் நின்றாள்.

"குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன்."

"யாரையும் கேக்காம?"

"கேட்டா நீ விடுவியா?"

அந்த வாரமே கூடத்துக் கதவு திறந்தது. அதே வாரம் நகராட்சி லாரி வந்து பெஞ்சு மரத்தைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போயிற்று. இழைத்து வைத்ததையும் சேர்த்துத்தான். ஏற்றுவதற்கு அவரே ஒரு முனை பிடித்தார். முன்னறை திடீரென்று பெரிதாகிவிட்டது. அதில் எங்கே உட்காருவது என்று தெரியாதவர்போல அவர் இரண்டு நாள் நின்றுகொண்டே இருந்தார்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக்காகத் தையல்காரி காத்திருந்தாள். ஒரு மனுஷன் தன் பிழைப்பைக் கொடுத்துக் கதவைத் திறந்திருக்கிறான். நாலு பேர் நல்லதாக ஒரு வார்த்தை சொல்வார்கள், எல்லாரும் சேர்ந்து ஏதாவது செய்வோம் என்று நர்ஸம்மா சொன்னாளே, அதைப் பற்றிப் பேச்சு வரும். முதல் நாளே கூடத்துக்குப் போய் மேசையிலிருந்த பூஞ்சையைத் துடைத்தாள். அவரையும் வற்புறுத்தி அழைத்துக்கொண்டு போனாள்.

எல்லாரும் உட்கார்ந்ததும் வாத்தியார் எழுந்து ஆணி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணன்மேல எங்களுக்கு மரியாதை கூடிப்போச்சு. அதுல சந்தேகமே இல்ல." எல்லாரும் தலையசைத்தார்கள். "ஆனா ஒண்ணு பேசியாகணும். பேரு குடுக்கறதுன்னு கூட்டத்துல முடிவாகல. ஒரு கை வரல. முடிவாகாத விஷயத்தை ஒருத்தர் தனியாப் போய்ச் செஞ்சா, நாளைக்கு யார் வேணா எதை வேணா செய்யலாம். அப்புறம் இந்த மேசை எதுக்கு?"

தையல்காரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகமெல்லாம் சூடேறியது. "நீங்க எல்லாரும் வேணும்னு கேட்டதைத்தானே செஞ்சாரு?"

"கேட்டோம். ஆனா முடிவு பண்ணலையே அக்கா" என்றார் பேக்கரிக்காரர், உண்மையிலேயே வருத்தமாக.

ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவர் வெளியே இருப்பது வழக்கம். ஆணி அண்ணன் தானாகவே எழுந்து, வாசலுக்கு வெளியே இருந்த சிமென்டுத் திண்டில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு ரயில் போயிற்று.

"அவரை நீக்குறீங்களா? நீக்கணும்னா எல்லார் கையும் வேணும். என் கை வராது" என்றாள் அவள்.

"ஐயோ, யாரும்மா நீக்குறா?" வாத்தியார் திடுக்கிட்டுப்போனார். "அப்படி ஒரு வார்த்தையே யாரும் சொல்லல. அவராத்தான் முறையைத் தாண்டி வெளிய போயிட்டாரு. அவரைத் திரும்ப உள்ள சேத்துக்கறதுதான் இப்பக் கேள்வி. அதுக்குத்தான் எல்லார் கையும் வேணும்."

அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. வலது கையை விரித்து மேசையின் நடுவில் வைத்தாள். மேசையில் கத்தரி பட்ட பழைய கீறல்கள் உள்ளங்கையில் உறுத்தின. தபால்காரர் முகத்தைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். நர்ஸம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். பேக்கரிக்காரர் கை கொஞ்சம் அசைந்தது, மூக்கைத் தடவிக்கொண்டு கீழே போயிற்று. தப்பு என்று யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் யோசிக்கணும், அவசரப்படக் கூடாது, எல்லாருக்கும் மனசு ஆற வேண்டாமா என்றார்கள். அவளுக்கு ஓங்கி மேசையில் அடிக்க வேண்டும்போல இருந்தது. அடித்தால் அந்த ஒரு கையும் போய்விடும் என்று பயந்து அப்படியே வைத்திருந்தாள்.

"சரி, அடுத்த வாரம் பாப்போம்" என்றார் வாத்தியார். "அதுவரைக்கும் அண்ணன் கொஞ்சம் வெளியவே இருக்கட்டும். அடுத்தது, திரை. பழசு பூஞ்சை புடிச்சிடுச்சு. நீலம்னு ஒரு யோசனை வந்திருக்கு."

நீலம் எல்லாருக்கும் பிடித்திருந்தது. பட்பட்டென்று கைகள் வந்தன. வாத்தியார் மேசையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எல்லார் கையும் வந்தாச்சு" என்றார்.

அவள் குனிந்து பார்த்தாள். புருஷனுக்காக வைத்த கை வைத்த இடத்திலேயே கிடந்தது. எடுக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் அவர்கள் நாற்காலிகளை நகர்த்தி எழுந்துவிட்டிருந்தார்கள்.

வெளியே வந்தாள். அவர் திண்டிலிருந்து எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"என்ன முடிவாச்சு?"

"புதுத் திரை. நீலம்."

"தைக்கிறது?"

"நான்தான்."

அவர் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே, உயரத்தில் திரைக்கம்பியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவளுக்கு அவர்மேல்கூட ஆத்திரமாக வந்தது.

"அவ்வளவு உயரத்துல அளவு எடுக்கணும்னா," என்றார், "ஏணியை யாரு புடிப்பா?"